மூட்டுக்கு மருந்து, வயிற்றுக்குக் காவல்

(மருத்துவமனையைத் தாங்கும் சபையாரின் கூடுகையில் ஆற்றிய உரை)



வார்டுகளில் ஜெபிக்கச் செல்லும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் சரித்திரம் ஒன்று உண்டு. வயல் வேலை, சுமை வேலை, தீராத முழங்கால் வலி. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரை. மாதக்கணக்காய், சிலருக்கு வருஷக்கணக்காய். ஒருநாள் மலம் தார்போல் கறுத்து, தலை சுற்றி விழுகிறார்கள். "வயிறு வலித்ததே இல்லையே ஐயா" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல. வலியை அடக்கும் மாத்திரை, புண்ணின் வலியையும் மறைத்துவிடக் கூடும்.

ஆஸ்பிரின் இரைப்பையைப் புண்படுத்துவதை 1938-லேயே லண்டன் மருத்துவர்கள் இருவர் குழாய் விட்டுக் கண்ணால் பார்த்து எழுதினார்கள். ஆனால் அந்த மாத்திரை சரீரத்தில் என்னதான் செய்கிறது என்பது விளங்காமலே இருந்தது. 1971-ல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸில் ஜான் வேன் என்ற ஆராய்ச்சியாளர் கினிப்பன்றியின் நுரையீரல் திசுவை அரைத்து, அதில் ஆஸ்பிரினைச் சேர்த்துப் பார்த்தார். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவது குறைந்தது. மருந்து கூடக்கூட இன்னும் குறைந்தது.

இந்தப் பொருள்தான் அடிபட்ட மூட்டில் வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. இதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரில் சளிப்படலத்தைச் சுரக்கவைத்து, இரத்த ஓட்டத்தைக் காத்து, நம் சொந்த அமிலம் நம்மையே அரிக்காதபடி காவல் நிற்கிறது. 1979-ல் அமெரிக்காவில் ஆந்திரே ராபர்ட் என்பவர் எலிகளுக்கு முதலில் புரோஸ்டாகிளாண்டினைக் கொடுத்து, பிறகு சுத்த ஆல்கஹாலை வயிற்றில் விட்டார்; அப்போதும் அவற்றின் இரைப்பை பெரும்பாலும் தப்பியது. ஆக, வலியை நீக்குவதும் காவலை எடுத்துவிடுவதும் அந்த மாத்திரைக்கு ஒரே வேலை. சாப்பாட்டுக்குப் பின் விழுங்கினாலும், ஊசியாய்ப் போட்டுக்கொண்டாலும் ஆபத்து முற்றும் நீங்காதது இதனால்தான். வேன் 1982-ல் சுவீடன் விஞ்ஞானிகள் இருவரோடு நோபல் பரிசு பெற்றார்.

மூட்டை மட்டும் தொட்டு வயிற்றை விட்டுவிடும் மருந்து கிடைக்காதா என்று பலர் தேடினார்கள். 1999-ல் ரோஃபிகாக்சிப் விற்பனைக்கு வந்தது. எண்ணாயிரம் பேருக்குமேல் சேர்த்து நடத்திய சோதனையின் முடிவு 2000-ல் வெளியானது. வயிற்றுக் கேடு ஏறக்குறையப் பாதியாய்க் குறைந்திருந்தது, மாரடைப்போ கூடியிருந்தது. 2004 செப்டம்பரில் அந்த மருந்து திரும்பப் பெறப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் வேன் காலமானார்.

பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்தும் அக்கறையோடு எழுதினார் என்பதை நாம் மறப்பதில்லை. ஆனால் அவர் சொன்ன திராட்சரசத்தை வலி மாத்திரையோடு சேர்த்து யாரும் பிரயோகிக்க வேண்டாம். மது சேர்ந்தால் இரத்தக்கசிவு அபாயம் கூடும்!

அறுபது தாண்டியவர்கள், முன்பு வயிற்றுப்புண் வந்தவர்கள், ஸ்டீராய்டு அல்லது இரத்தம் உறையாதபடி மருந்து எடுப்பவர்கள், இரண்டுவித வலி மாத்திரைகளைச் சேர்த்து விழுங்குகிறவர்கள், இவர்களுக்கே ஆபத்து அதிகம். இப்படிப்பட்டவர்களுக்கு வலி மாத்திரையைத் தவிர்க்க முடியாதபோது மருத்துவர் ஒமேப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மருந்தையும் சேர்த்து எழுதுகிறார். இங்கேதான் எங்கள் பாரம். சீட்டில் இரண்டு மருந்து. கையிலோ ஒன்றுக்கே காசு. வலி நின்றால்தான் நாளைக்குக் கூலி. எந்த மாத்திரையை வாங்குவார்கள் என்று நாங்கள் சொல்லவேண்டியதில்லை. உங்கள் காணிக்கையிலிருந்து நடக்கும் ஏழை நோயாளர் மருந்து நிதி, அந்த இரண்டாம் மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறது. ரசீதில் அது சிறிய தொகை. இரத்தம் ஏற்றி, எண்டோஸ்கோப்பி செய்து, பத்து நாள் படுக்கையில் வைக்கும் செலவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இருதயத்துக்காக மருத்துவர் கொடுத்த சிறிய அளவு ஆஸ்பிரினை, இந்த உரையைக் கேட்டுவிட்டு நீங்களாக நிறுத்திவிடாதிருங்கள். முதலில் மருத்துவரைக் கேளுங்கள். கூடுகை முடிந்தபின் நமது செவிலியர் இருவர் வாசலருகே மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். பையில் மாத்திரை அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள் வெட்கப்படாமல் எடுத்துக் காட்டலாம்.