விடை முடிந்த புதிரா?



அண்மையில் உயர்தர வகுப்பிலே ஒரு செய்யுளுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், நீங்கள் சொல்கிற பொருளுக்கு அடுத்த அடி இடங்கொடுக்கவில்லையே" என்றான். "உரையில் அப்படித்தான் இருக்கிறது. இரும்" என்றேன். இருந்துவிட்டான்.

அன்றிரவு, நெடுநாளாக நான் பயின்றுவரும் பழைய யப்பானியப் புதிரொன்றை எடுத்தபோது அந்த மறுமொழி என்னை உறுத்தியது. அதன் கதையையே இன்று சொல்லப்போகிறேன்.

'கோ' ஆட்டத்தின் பலகையில் நெடுக்காக 19, குறுக்காக 19 கோடுகள். அவை சந்திக்கும் 361 இடங்களில் இருவர் கறுப்பு, வெள்ளைக் காய்களை மாறிமாறி வைப்பர். வைத்த காய் நகராது. அதை ஒட்டிய வெற்றிடங்களே அதன் உயிர். சீனர் அவற்றுக்கு 'மூச்சு' என்று பொருள்படும் சொல்லை வழங்குவர். கடைசி மூச்சும் அடைபட்டால் காய் பறிபோகும்.

1713இல் இனோவுயே டோசெட்சு இன்செகி என்னும் ஆசான் தம் மாணாக்கர் பயிற்சிக்காக 'இகோ ஹட்சுயோரோன்' என்ற புதிர்த்தொகுதியை ஆக்கினார். அதில் 120ஆவதாக எண்ணப்படும் புதிரே மிகக் கடினமானது என்பர். வினா எளிது: கறுப்பு முதலில் வைத்து வெல்லவேண்டும். விடையோ நூறு வைப்புகளைத் தாண்டிச் செல்லும்.

பலகையின் ஒரு பகுதியில் இருதரப்புக் காய்களும் ஒன்றையொன்று நெரித்து நிற்கும். அவசரப்பட்டுக் கைவைத்தவனுக்கே நட்டம். ஆகவே சண்டை வேறிடத்துக்குப் போகிறது. கறுப்பு, தன் காய்களின் பெருங்கூட்டமொன்றைத் தானே பலிகொடுக்கிறது. 'நான் இங்கு வைத்தால் அவன் அங்கு வைப்பான். அப்போது எனக்கு எத்தனை மூச்சு, அவனுக்கு எத்தனை?' என்று ஒவ்வொரு படியிலும் எண்ணவேண்டும். எதிரியின் மிகச்சிறந்த மறுமொழியை நாமே தேடிக் கண்டுபிடித்தாலன்றி நம் விடை விடையாகாது.

1982இல் பேராட்டக்காரர் புஜிசாவா ஹிதேயுகி நீண்ட ஆய்வின்பின் ஒரு விடையை வெளியிட்டார். முடிந்தது என்றே பலரும் எண்ணினர். ஆனால் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாத ஐரோப்பிய ஆர்வலர் சிலர் அதனை மீண்டும் துருவி வேறு வழி கண்டனர். 2019இல் டேவிட் வூ ஆக்கிய 'கட்டகோ' என்ற கணினி நிரல் இப்புதிருக்கென்றே பயிற்றப்பட்டு, அவர்களும் கருதாத வைப்புகளைக் காட்டியது.

புஜிசாவாவின் பெருமை இதனாற் குன்றவில்லை. அவர் வழி வகுத்ததாலேதான் பின்வந்தோர் அவ்வழியின் பிழையைக் காண முடிந்தது. நம் உரையாசிரியர்களும் முன்னவர் உரையை மறுத்தே தம் உரையை நிலைநாட்டினர். அதை வகுப்பிலே பெருமையோடு சொல்பவன் நான். ஆயினும் என் மாணவன் அதையே செய்தபோது அவனை இருத்திவிட்டேன்.

மறுநாள் அவனை அழைத்து, "நேற்றுச் சொன்னதை இன்னொருமுறை சொல்லும்" என்றேன். இருவரும் அடுத்த அடியை வாசித்தோம். அவன் சொன்னது முழுவதும் சரியல்ல. நான் சொன்னதும் சரியல்ல.

இப்போது மூன்றாவது பொருளொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.