நாம் இல்லாத வேளையில்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் வீட்டுச் சேவையகம். குடும்பத்தின் படங்களையும் பத்திரங்களையும் பிறர் கணினியில் ஒப்படையாது, வீட்டு மூலையில் இரவு பகலாக இயங்கும் சிறு கணினியில் வைத்துப் பேணுவதே அது. 2012 இல் ராஸ்பெரி பை என்னும் மலிவான கணினி வெளிவந்த பின் மாணவர்க்கும் இது எளிதாயிற்று. நாமும் ஒன்றை அமைத்தோம், பெருமையும் கொண்டோம்.

அப்பெருமை ஒரே நாளில் அழிந்தது. நாம் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அப்பப்பா காலமானார். மரண அறிவித்தலுக்குப் படம் வேண்டும். படங்கள் அனைத்தும் அப்பெட்டியில். முந்திய இரவு மின்சாரம் நின்று வந்திருந்தபடியால், மறைகுறியாக்கிய வன்தட்டு கடவுச்சொல்லைக் கேட்டுக் காத்துநின்றது. அதனை அறிந்த நாமோ, செய்தியும் எட்டாமல் பரீட்சை மண்டபத்தில் இருந்தோம். ஈற்றில் அடையாள அட்டைப் படத்துடனேயே அறிவித்தல் வெளிவந்தது. "உன்ரை பெட்டியை ஆர் திறக்கிறது, தம்பி?" என்றார் அம்மா. எம்மிடம் விடையில்லை.

2022 இல் நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்ட நாடு எமது நாடு. ஆகவே செய்யவேண்டியவை சில.

முதலாவது, ஒரு தாளில் எளிய தமிழில் எழுதுங்கள்: எது எந்தப் பெட்டி, எதனை நிறுத்தினால் பாதகமில்லை, எதனை நிறுத்தினால் வீட்டு இணையம் நிற்கும், எவரை அழைப்பது.

இரண்டாவது, கடவுச்சொற்களை உறையிலிட்டு ஒட்டிக் காணி உறுதியுடன் அலுமாரியில் வையுங்கள். சொல் மாறினால் உறையும் மாறவேண்டும்.

மூன்றாவது, படங்களின் பிரதியைப் பூட்டில்லாத வன்தட்டில், எக்கணினியிலும் திறக்கும்படி, மாமி வீட்டில் வையுங்கள். ஒரே பெட்டிக்குள் இரு தட்டுகள் ஒன்றையொன்று பிரதிசெய்வது போதாது. தவறி அழித்த படம் இரண்டிலும் அழியும்.

நான்காவது, இணையப் பெயரின் ஆண்டுக் கட்டணம் எப்போது, எவர் அட்டையிலிருந்து செல்கிறது என்பதையும் குறியுங்கள். அது தவறினால் அப்பெயரில் வரும் மின்னஞ்சலும் நின்றுபோம்.

கூகிள் நிறுவனம், உரியவர் நெடுநாள் வாராத கணக்கின் விபரங்களை அவர் குறித்த நம்பிக்கையானவரிடம் சேர்க்கும் ஏற்பாட்டை 2013 இலேயே செய்தது. அந்நியர்க்கு அவர்கள் நினைந்து செய்ததை, பெற்ற தாய்க்கு நாம் செய்யாதிருக்கலாமா?

இறுதியாக, ஒத்திகை பாருங்கள். சென்ற விடுமுறையில் நாம் முற்றத்தில் இருக்க, அம்மா தாளைப் பார்த்துப் பெட்டியைத் திறக்க முயன்றார். மூன்றாம் வரியில் தடுமாறினார். பிழை எமது எழுத்தில்! திருத்தினோம், மறுமுறை தாமே திறந்தார். முதலில் அவர் தேடியது அப்பப்பாவின் படத்தையே.