உறைமோரும் கோழிக்குஞ்சும்

ராத்திரி பாலைக் காய்ச்சி ஆறவைத்து உறை ஊற்றுகிறோம். ஒரு கரண்டி மோர்தான். விடிந்தால் தயிர். நல்ல கிருமி முந்திக்கொண்டது. கெட்ட கிருமிக்கு இடமில்லை.

கறிக்கோழிக் குஞ்சின் குடலும் அந்தப் பால் மாதிரிதான். இன்குபேட்டரில் பொரித்த குஞ்சு, தாயோடு சேர்ந்து குப்பை கிளறியதே இல்லை, பாவம். குடல் ஏறக்குறைய காலி. யார் முந்துகிறார்களோ, அவர்களுக்கே இடம். 1973-இல் பின்லாந்தில் நூர்மி, ரன்தலா என்ற இருவர், நல்ல பெரிய கோழியின் குடல் கிருமிகளைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சால்மொனெல்லா என்ற கெட்ட கிருமியால் அங்கே எளிதில் குடியேற முடியவில்லை.

இன்று அந்த மாதிரி நல்ல கிருமி, தீவனத்தில் கலக்கும் பொடியாகவே கிடைக்கிறது. புரோபயாட்டிக் என்பார்கள். அதற்குப் பதிலாக, எடை ஏறட்டும் என்று நோயில்லாத கோழிக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால், மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும். மனிதருக்குக் கடைசிக் கையிருப்பான கொலிஸ்டின் மருந்தை, 2019-இல் கோழிப் பண்ணைகளில் நம் நாடு தடை செய்தது அதனால்தான். மிக நல்ல முடிவு அது.

பண்ணைக்காரர்களே, ஒன்று. தரையில் பரப்பிய ஆழ்கூளம் ஈரமாக இருந்தால் எந்தப் பொடியும் உதவாது. ஒரு பிடி அள்ளி அழுத்திப் பாருங்கள். உதிர்ந்தால் சரி. கட்டியாக நின்றால், இன்றைக்கே கிளறிவிடுங்கள்.