சிப்பிக் கணக்கும் முத்துக் கணக்கும்



பாஞ்சாலங்குறிச்சிக்கு அண்மையிலுள்ள தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்தல் நடைபெற்ற நாள்களில், சிப்பிகள் திறக்கப்படாமலேயே ஆயிரக்கணக்கில் ஏலம் விடப்பட்டன. எண்ணப்பட்டது சிப்பி, முத்து அன்று. நூலகங்கள் இணையவழி ஆய்விதழ்களுக்கு எடுக்கும் பயன்பாட்டுக் கணக்கும் இத்தகையதே.

அச்சிதழ்க் காலத்தில், மேசைமேல் கிடந்த இதழ்களை நூலகப் பணியாளர் எண்ணிக் குறித்துக்கொள்வதுண்டு. படித்ததை ஒழுங்காகத் தட்டில் திருப்பி வைத்தவர் அக்கணக்கில் சேரமாட்டார்! இன்று எண்ணுவது கணிப்பொறி. பதிப்பகங்கள் தத்தம் போக்கில் எண்ணியதால் விளைந்த குழப்பத்தை நீக்கக் 'கவுண்டர்' என்னும் பன்னாட்டு அமைப்பு 2003இல் பொதுநெறி வகுத்தது. 2019இல் நடைமுறைக்கு வந்த ஐந்தாம் பதிப்பின்படி, ஒரே கட்டுரையை முப்பது நொடிக்குள் இருமுறை தட்டினாலும் ஒன்றெனவே கொள்ளப்படும். திரையில் ஒருமுறையும் பதிவிறக்கி ஒருமுறையும் பார்த்தவரைத் தனிப்பயன்பாட்டில் ஒருவராகவே கொள்ளும் அளவும் அதில் உண்டு.

நெறி நன்றே. எனினும், இருபது கட்டுரைகளை இறக்கி ஒன்றையும் படியாதவர் இருபதாகிறார். ஒன்றை இறக்கிப் பத்து மாணவர்க்குப் பாடம் சொன்ன ஆசிரியர் ஒன்றாகிறார்.

1973இல் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கி வெற்றி கண்டனர். முத்துச்சிப்பி ஆய்வாளர் எந்நாட்டிலும் சிலரே. அவர்கள் நாடும் இதழின் விலையைப் பயன்பாட்டு எண்ணால் வகுத்தால், ஒரு பயன்பாட்டின் செலவு மலைபோல் உயரும். மருத்துவ இதழோடு அதனை ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று. துறைக்குள்ளேயே ஒப்பிடுதல் வேண்டும்.

இது வெறும் ஏட்டுச் சிக்கலன்று. 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்திற்கு 2024 நவம்பரில் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். 6,300க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள். இதழ்களைத் தொடர்வதா விடுவதா என்னும் வினா எழும்போது இவ்வெண்களே சான்றாக நிற்கக்கூடும்.

அவ்வேளையில் பலரும் பாராத பட்டியல் ஒன்றுண்டு. உரிமமின்மையால் வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டோர் எண்ணிக்கையையும் கவுண்டர் அறிக்கை தருகிறது. இருப்பதன் பயனோடு இல்லாததன் தேவையையும் அது காட்டும். கல்லூரி நூலகர் ஆண்டுதோறும் தம் அறிக்கையின் முதற்பக்கத்திலேயே அவ்வெண்ணை எழுதி, எந்தத் துறையார் திரும்பிச் சென்றனர் என்பதை ஆசிரியர்களிடம் கேட்டறிந்து உடன் சேர்த்தனுப்புதல் வேண்டும்.