மொட்டை மாடி ட்ரோனுக்கும் ஒரு பாலிசி

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"சார், நீங்க பேங்க்ல இருந்தவர், இன்சூரன்ஸ் பத்தி நீங்களே சொல்லிடுங்க" என்று செயலாளர் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ட்ரோன் விடத் தெரியாது. பாலிசியின் பொடி எழுத்தைப் படிக்கத் தெரியும். அந்த அளவுக்கு மட்டும் பேசுகிறேன்.

விடுமுறையில் நம் கார் நிறுத்துமிடத்தில் ஒரு ட்ரோன் விழுந்து, ஒரு காரின் முன் கண்ணாடி விரிசல் விட்டது எல்லாருக்கும் தெரியும். இரண்டு வீட்டாரும் பேசித் தீர்த்துக்கொண்டார்கள், அது அவர்கள் பெருந்தன்மை. அதற்குப் பிறகுதான் "வளாகத்தில் ட்ரோனே கூடாது" என்ற தீர்மானம் இன்றைக்கு வந்திருக்கிறது. கை தூக்குவதற்கு முன்னால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்.

கார்க்காரர் தன் சொந்த பாலிசியில் கண்ணாடிக்கு கிளெய்ம் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். போடலாம். ஆனால் கிளெய்ம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், ஐந்து வருடம் தொடர்ந்தால் 50 சதவீதம் என்று அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். அடுத்தவர் ட்ரோனுக்காக இவர் ஏன் போனஸை இழக்க வேண்டும்? கண்ணாடி போனால் சில ஆயிரம் ரூபாய். விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையின் கண்ணில் இறக்கை பட்டிருந்தால் என்ன பேசித் தீர்த்திருப்போம்?

இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. மத்திய அரசின் ட்ரோன் விதிகள் 2021 ஆகஸ்டில் வந்தன. ட்ரோனால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்துக்கு, 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் இன்சூரன்ஸ் பிரிவுகள் பொருந்தும் என்று அதில் சொல்லியிருக்கிறது. அதாவது ஸ்கூட்டருக்கு எப்படி தேர்டு பார்ட்டி இல்லாமல் ரோட்டில் இறங்கக் கூடாதோ, அப்படித்தான் இதற்கும். ஒரே விலக்கு நானோ ட்ரோனுக்கு. 250 கிராம் வரை இருந்தால் நானோ. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. நம் பிள்ளைகள் வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

இங்கேதான் ஒரு சிக்கல். பெட்டியில் 249 கிராம் என்று போட்டிருக்கும். அந்த எடை அதோடு வரும் பேட்டரிக்கு. அதிக நேரம் பறக்கட்டும் என்று பெரிய பேட்டரி போட்டாலோ, இறக்கைக்குப் பாதுகாப்பு வளையம் மாட்டினாலோ 250-ஐத் தாண்டிவிடும். சட்டம் பார்ப்பது பறக்கும்போது உள்ள மொத்த எடையை. சமையலறைத் தராசில் எல்லாம் மாட்டிவிட்டு ஒரு தடவை வைத்துப் பாருங்கள். வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு.

சரி, 249 கிராம் என்றால் கவலையில்லையா? பாலிசி கட்டாயமில்லை, அவ்வளவுதான். மேலே விழுந்தால் பொறுப்பு உங்களுடையதே. அதனால் நானோ வைத்திருப்பவரும் எடுப்பது நல்லது என்பேன்.

எங்கே எடுப்பது? நியூ இந்தியா அஷ்யூரன்ஸ், எச்.டி.எஃப்.சி. எர்கோ, ஐ.சி.ஐ.சி.ஐ. லாம்பார்டு போன்ற பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ட்ரோனுக்கு பாலிசி கொடுத்திருக்கின்றன. ஊத்துக்கோட்டையில் ஏஜென்ட்டைக் கேட்டால் முதலில் முழிப்பார், கோபப்படாதீர்கள். அவர் தினமும் பார்ப்பது டிராக்டரும் டூ வீலரும். கம்பெனிக்கே நேராக எழுதிக் கேளுங்கள்.

கேட்கும்போது இரண்டு பங்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்று, உங்கள் ட்ரோனுக்கே ஏற்படும் சேதம். இன்னொன்று தேர்டு பார்ட்டி. பத்துப் பேரில் ஒன்பது பேர் முதலாவதைத்தான் கேட்பார்கள், காசு போட்டு வாங்கிய பொருள் ஆயிற்றே. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். ட்ரோன் உடைந்தால் அதன் விலையோடு நஷ்டம் நின்றுவிடும். ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்டஈடும் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பொறுப்புத் தொகைக்கு என்ன வரம்பு, முதலில் நம் கையிலிருந்து எவ்வளவு போக வேண்டும், பறந்து காணாமல் போனால் உண்டா, கூடப் பிறந்த தம்பி ஓட்டினால் செல்லுமா, இவ்வளவையும் எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னது கிளெய்ம் வரும் நாளில் உதவாது. கல்யாணத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு படம் எடுக்கப் போனால் அது பொழுதுபோக்கு இல்லை, தொழில். 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் என்றால் அதற்கு ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். பொழுதுபோக்கு என்று எழுதி எடுத்த பாலிசியை அங்கே நீட்ட முடியாது.

பாலிசிக்கு முன்னால் ஒரு காகிதம் இருக்கிறது. வண்டிக்கு ஆர்.சி. மாதிரி ட்ரோனுக்குத் தனி அடையாள எண். அரசாங்கத்தின் இணையதளத்தில் பதிவு செய்து வாங்க வேண்டும். சிங்கப்பூர் மாமா, துபாய் சித்தப்பா கொண்டுவந்த ட்ரோன் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்ளும். 2022 பிப்ரவரி 9 முதல் வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்குத் தடை. ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. அன்பளிப்புக்கு இல்லை. பில்லும் இல்லை, எண்ணும் இல்லை என்றால் எந்தக் கம்பெனி பாலிசி தரும்? வருகிற சொந்தக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சாக்லேட்டே போதும் என்று.

பறக்கும் இடமும் கவனிக்க வேண்டியது. அரசாங்கத்தின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வரைபடம் இருக்கிறது. பச்சையில் 400 அடி வரை அனுமதி கேட்க வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றியுள்ள மஞ்சள் பகுதி முன்பு 45 கிலோமீட்டராக இருந்தது, 12 ஆகக் குறைத்துவிட்டார்கள். மீனம்பாக்கம் நமக்கு அதைவிட வெகு தூரம். அதற்காக ஊத்துக்கோட்டை முழுக்கப் பச்சைதான் என்று முடிவு செய்யாதீர்கள். கிருஷ்ணா கால்வாய் ஜீரோ பாயின்ட், பூண்டி ஏரி, தேர்வாய் கண்டிகை சிப்காட், இங்கெல்லாம் படம் எடுக்க ஆசை வரும். ஒவ்வொரு தடவையும் வரைபடத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள், அது மாறிக்கொண்டே இருக்கும். சுருட்டப்பள்ளி கோயில் பக்கம் போனால் ஆந்திரா, ஆனால் இது மத்திய அரசு விதி, எல்லை தாண்டினாலும் இதேதான். சிவப்புப் பகுதியில் அனுமதியில்லாமல் விட்டால் ஒரு லட்சம் வரை அபராதம் இருக்கிறது, கிளெய்மும் நிற்காது.

விபத்து நடந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்குத் தெரிவிக்க வேண்டும். கம்பெனிக்கும் அன்றைக்கே சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைப் பெருக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் போட்டோ எடுங்கள், பறந்த பதிவை அழிக்காமல் வையுங்கள். கம்பெனி மறுத்தால், அல்லது எழுதிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், தேனாம்பேட்டையில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ட்ரோன் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலில் இருந்து எல்லாக் கம்பெனிகளும் தரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டு பாலிசியில், வெளியிலிருந்து ஒரு பொருள் வந்து மோதி வீட்டுக்கு ஏற்படும் சேதமும் அடங்கும். ஜன்னல் கண்ணாடிக்கு அது உதவும். காருக்கோ ஆளுக்கோ உதவாது.

தீர்மானத்துக்கு வருகிறேன். தடை போட்டால் பிள்ளைகள் மதில் தாண்டி வயலில் போய் விடுவார்கள். நமக்குத் தெரியாது, பாலிசியும் இருக்காது. அதற்குப் பதிலாக நான் முன்வைப்பது இது: ட்ரோன் வைத்திருக்கும் வீட்டார் அடையாள எண், எடை, பாலிசி நகல் மூன்றையும் அலுவலகத்தில் கொடுக்கட்டும். நானோவுக்கும் நம் வளாகத்தில் பாலிசி வேண்டும் என்று வைப்போம். விளையாட்டு மைதானத்துக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் மேலே யாரும் விடக் கூடாது. விண்ணப்பம் பூர்த்தி செய்வதில் சந்தேகம் இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். பில்லை எடுத்துக்கொண்டு வாருங்கள், நான் இருப்பேன்.