குழாய் நம்முடையது, சாவி யார் கையில்?
(நம் சங்கத்தின் தண்ணீர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பணியை முடித்துக் களைப்போடு வந்திருக்கும் தோழர்களே, குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே!

கடைசியாகச் சொன்னவர்களுக்குத்தான் முதல் வணக்கம். இந்தக் கூட்டம் நடக்கும் நேரத்தில்கூட உங்கள் குடங்கள் சந்தில் நின்றுகொண்டிருக்கின்றன. பத்து மணிக்குத் தண்ணீர் விடுவான் என்றால் எட்டு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். வீட்டில் பெரிய பெண்பிள்ளை இருந்தால் அவள் பள்ளிக்கூடம் போகாமல் குடத்துக்குக் காவல் இருக்கிறாள். நம் பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு வறுமைதான் காரணம் என்று எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீர் வரும் நேரமும் ஒரு காரணம் என்று யாரும் பேசுவதில்லை. ஆகவே நாம் பேசுவோம்.

மும்பைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கசாரா லோக்கலில் ஏறுங்கள். ஆட்காவ், கர்டி என்று நிலையங்கள் வரும். அந்த மலைப் பக்கத்தில்தான் நம் குடத்துத் தண்ணீர் பிறக்கிறது. நகரத்துக்கு ஏழு ஏரிகள். விகார் 1860இல் முடிந்தது. துள்சி 1879, தான்சா 1892. சுதந்திரத்துக்குப் பின் 1957இல் மோடக் சாகர், 1970களில் மேல் வைதர்ணா, 1980களில் பாட்சா, கடைசியாக 2014இல் மத்திய வைதர்ணா. ஏழும் நிரம்பினால் 14 லட்சத்து 47 ஆயிரம் மில்லியன் லிட்டர். அதில் ஏறக்குறையப் பாதி பாட்சா ஒன்றிலேயே இருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை பெய்யும் மழையை வைத்துக்கொண்டு வருஷம் முழுவதும் குடும்பம் நடத்த வேண்டும். நம் வீட்டில் முதல் தேதி சம்பளத்தை வைத்து மாதம் ஓட்டுகிறோமே, அதே கணக்குத்தான்.

இந்த ஏரிகளெல்லாம் ஒருவன் மனமிரங்கித் தோண்டியவை அல்ல. 1850களில் கொடிய வறட்சி வந்தது. கிணறுகள் வற்றின. நாட்டில் ரயில் ஓடத் தொடங்கி அப்போது சில வருஷந்தான் ஆகியிருந்தது. அந்த ரயிலிலேயே தண்ணீர் ஏற்றி வந்து கிணறுகளில் கொட்டினார்கள். அதற்குப் பிறகுதான் விகார் அணை எழுந்தது. தண்ணீர் ரயில் அதோடு முடிந்துவிடவுமில்லை. 2016 ஏப்ரலில் மீரஜிலிருந்து லாத்தூருக்கு ஓடியது. 2019 ஜூலையில் நம் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு, 50 வாகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் ஏற்றிக்கொண்டு ஓடியது. இருப்புப்பாதையில் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒன்று தெரியும். ரயிலில் தண்ணீர் வருகிறதென்றால், வர வேண்டிய வழியில் அது வரவில்லை என்று பொருள்.

சரி, ஏரியிலிருந்து நம் சந்துக்கு எப்படி வருகிறது? மலையிலிருந்து பெரும் பகுதி சரிவிலேயே ஓடி வருகிறது. பாட்சா தண்ணீரைப் பிசேயில் பம்ப் வைத்து ஏற்றி, பாஞ்சராபூரில் சுத்தம் செய்கிறார்கள். மற்றவற்றின் பெரும்பகுதி பாண்டுப்பில் சுத்தமாகிறது. பிறகு நகரத்து மேடுகளில் உள்ள தொட்டிகளில் நிரப்புகிறார்கள். மலபார் ஹில்லில் தொங்கும் தோட்டம் பார்க்கப் போயிருப்பீர்கள். நீங்கள் புல்லில் உட்கார்ந்து கடலை தின்ற இடத்துக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அப்படிப்பட்ட தொட்டிகளிலிருந்து பகுதி பகுதியாகத் திறந்து விடுகிறார்கள். நகரம் முழுவதற்கும் ஒரே நேரத்தில் விட்டால் எங்கும் அழுத்தம் இராது. ஆகவே ஆட்கள் சாவி கொண்டு போய் வால்வைத் திருகுகிறார்கள். சாவிவாலா என்று நாம் சொல்கிறோமே, அவர்கள்தான். அந்தச் சாவி எத்தனை சுற்றுத் திரும்புகிறது என்பதில்தான் உங்கள் பிள்ளையின் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். மாநகராட்சி ஒரு நாளைக்குச் சுமார் 3,850 மில்லியன் லிட்டர் தருகிறது. 2011 கணக்கெடுப்பில் மும்பையின் மக்கள் ஒரு கோடியே 24 லட்சம். அந்தத் தொகைக்கு வகுத்துப் பார்த்தால் தலைக்கு 300 லிட்டர் வருகிறது. குழந்தைக்கும் கிழவிக்கும் சேர்த்துத்தான்! ஜனத்தொகை ஏறியிருக்கும் என்று கொஞ்சம் குறையுங்கள். ஆலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதையும் கழியுங்கள். கசிவிலும் திருட்டிலும் கால் பங்குக்குக் குறையாமல் போகிறது. அதையும் கழியுங்கள். அப்போதும் நூறு லிட்டருக்கு மேல் மிஞ்ச வேண்டும். நம் சந்தில் தலைக்கு எத்தனை குடம் கிடைக்கிறது? கையை மடக்கி எண்ணுங்கள். மூன்று குடத்தைத் தாண்டாது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? திட்டம் போடும்போதே வந்தது. கட்டடத்தில் இருப்பவனுக்குத் தலைக்கு 150 லிட்டர் வரை, ஜோப்பட்பட்டியில் இருப்பவனுக்கு 45 லிட்டர் என்று அளவு வகுத்தார்கள். அதே மழை, அதே ஏரி. மனிதனுக்குத்தான் இரண்டு அளவு. 2011 கணக்குப்படி இந்த மாநகரில் நூற்றுக்கு 41 பேர் ஜோப்பட்பட்டியில் இருக்கிறோம். கப்பல் துறையையும் தோல் கிடங்கையும் பஞ்சாலையையும் தண்டவாளத்தையும் தாங்கிய தோள்கள் அந்த 41இல் இருக்கின்றன.

45 லிட்டருக்கும் காகிதம் வேண்டும். 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து போட்டோ பாஸ் தந்தார்கள். அதன் பிறகு 1980, 1985, 1995, 2000 என்று தேதி நகர்ந்துகொண்டே வந்தது. அந்தத் தேதிக்கு முன் வந்தவனுக்குத் தாகம் உண்டு, பின் வந்தவனுக்கு இல்லை என்பது போல நடத்தினார்கள். இதை எதிர்த்துப் பாணி ஹக் சமிதியினர் வழக்காடினார்கள். 2014 டிசம்பர் 15ஆம் தேதி மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சட்டவிரோதமான குடிசையில் இருக்கிறான் என்பதற்காக ஒருவனுக்குத் தண்ணீரை மறுக்க முடியாது, வாழும் உரிமையில் தண்ணீரும் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, சட்டப்படி குடியிருப்பவனுக்குச் சமமாக நீ கேட்க முடியாது என்றும் சொன்னது. பாதிக் கதவுதான் திறந்தது. ஆனாலும் திறந்தது. 2022 மே மாதத்தில் எல்லோருக்கும் தண்ணீர் என்ற கொள்கையை மாநகராட்சி அறிவித்தது.

அறிவிப்பு வந்துவிட்டது, குழாய் வந்துவிட்டதா? ரயில்வே, துறைமுகம் போன்ற மத்திய அரசு நிலத்தில் இருப்பவர்களிடம், நிலத்துக்கு உரிய துறையின் சம்மதக் கடிதம் கொண்டுவா என்கிறார்கள். தண்டவாளத்தைப் போட்டவனின் பேரன் தண்டவாளத்தின் ஓரத்தில் தண்ணீர் கேட்டால் கடிதம் கேட்கிறார்கள்! தான்சா குழாய் ஓரத்தில் குடியிருந்தவர்கள் கதை இன்னும் கொடிது. ஆளுயரத்துக்கு மேல் குழாய், உள்ளே ஆறு போலத் தண்ணீர், பக்கத்தில் குடிசை, குடிசையில் வறண்ட குடம். பிறகு குழாயின் பாதுகாப்புக்காக என்று அந்தக் குடிசைகளையும் அகற்றி, பலரை மாகுலின் நச்சுக் காற்றுக்கு அனுப்பினார்கள். 1976 மே மாதத்தில் ஜனதா காலனியை இடித்துச் சீத்தா கேம்ப்புக்கு அனுப்பப்பட்ட நம் குடும்பங்களுக்கு இது புதிய கதை அல்ல.

தண்ணீரைப் பெருக்க என்ன செய்யப் போகிறார்கள்? கார்காய் அணை கட்டி 440 மில்லியன் லிட்டர் கொண்டுவரத் திட்டம். மனோரியில் கடல் நீரைக் குடிநீராக்கி முதலில் 200 மில்லியன் லிட்டர் எடுக்கத் திட்டம். தாராவி உட்பட ஏழு இடங்களில் கழிவு நீரைச் சுத்தம் செய்யும் நிலையங்கள், மொத்தம் 2,464 மில்லியன் லிட்டர் அளவுக்கு. அதில் ஒரு பகுதியை மறுபடி பயன்படுத்தலாம் என்கிறார்கள். கழிவு நீரைத் திருப்பி எடுப்பதையும், கசிவை அடைப்பதையும் நாம் மனதார வரவேற்கிறோம். கசிவை அடைத்தால் கிடைக்கும் தண்ணீருக்கு ஒரு மரமும் விழ வேண்டாம், ஒரு ஊரும் மூழ்க வேண்டாம்.

அணை விஷயத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பாட்சாவும் தான்சாவும் இருக்கும் ஷாகாபூர் வட்டாரத்தில் கோடை வந்தால் ஆதிவாசி ஊர்களுக்கு டேங்கரில் தண்ணீர் போகிறது. ஏரி அவர்கள் வாசலில் இருக்கிறது, தண்ணீர் அவர்களைத் தாண்டி நமக்கு வருகிறது. கார்காய் அணை வந்தால் இன்னும் சில ஆதிவாசி ஊர்கள் போகும். ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஊர் போவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்கள் குடம் காலியாக இருக்க நம் குடம் நிரம்பட்டும் என்று இந்தச் சங்கம் ஒருநாளும் கேட்கலாகாது.

இவ்வளவு நேரம் மாநகராட்சியைப் பற்றிப் பேசினோம். நீங்கள் கைதட்டினீர்கள். இனிச் சொல்லப்போவதற்குக் கைதட்ட மாட்டீர்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

போன கோடையில் நம் பகுதியில் ஒரு சந்தில் குழாயை வெட்டிப் போட்டார்கள். நாற்பது வீடுகள். மறுநாளே பக்கத்துச் சந்தில் ஒரு குடம் ஐந்து ரூபாய் ஆயிற்று. குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் ஆயிரம் லிட்டருக்கு 330 ரூபாய். மாநகராட்சிக் குழாயில் வீட்டுக்கு வரும் தண்ணீர் ஆயிரம் லிட்டருக்குப் பத்து ரூபாயைக்கூடத் தொடாது. மாடி வீட்டுக்காரன் கொடுப்பதைப் போல முப்பது மடங்குக்கு மேல் அந்த ஏழைகள் கொடுத்தார்கள். விற்றது யார்? வேறு மொழிக்காரனா? இல்லை. நம்மவர்தான். நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்தான். இங்கே உட்கார்ந்தும் இருக்கலாம்.

மோட்டாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயில் நேராக மோட்டாரைப் பூட்டி இழுத்தால் நம் டிரம் நிரம்பும், கடைசி வீட்டுக் குழாய் காற்றை ஊதும். அதோடு போகாது. வெறுமையான குழாய், ஓட்டை வழியே சாக்கடையையும் உறிஞ்சும். வீட்டுக்கு வீடு வயிற்றுப்போக்கு வருவது அதனால்தான். இதைச் சொல்லும் எங்கள் வீட்டிலும் மோட்டார் இருந்தது. ஐந்து வருஷம் இருந்தது. கடைசி வீட்டு அம்மா ஒருநாள் வந்து, "தம்பி, சங்கத்தில் நல்லாப் பேசுறீங்க, எங்க குழாய்ல சத்தம் மட்டுந்தான் வருது" என்றார்கள். அன்று எங்களுக்குப் பதில் வரவில்லை. போன மாதம் மோட்டாரைக் கழற்றிவிட்டோம். இப்போது எங்கள் வீட்டுப் பெண்களும் வரிசையில்தான் நிற்கிறார்கள். அவர்கள் எங்களிடம் கோபமாகத்தான் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. அதைக் குழாயின் மேல் திருப்புவதற்குத்தான் இந்தக் கூட்டம்.

ஆகவே இன்று நான்கு தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, தனியாளாக யாரும் தரகரிடம் போக வேண்டாம். ஐந்து வீடாவது சேர்ந்து ஒரு குழுவாக விண்ணப்பியுங்கள். பில் வரும் பெயர், கூடுமானவரை ஒரு பெண்ணின் பெயராக இருக்கட்டும். யார் வரிசையில் நிற்கிறார்களோ அவர்கள் கையில் காகிதம் இருக்கட்டும். பங்குப் பணத்தை மாதாமாதம் எழுதிவைத்து வசூலியுங்கள். ஒருவர் கட்டாததால் ஐந்து வீட்டுக் குழாய் அறுபடுவதை நாங்கள் கண்ணால் கண்டிருக்கிறோம்.

இரண்டாவது, வாய்ப் புகார் வேண்டாம். எழுதிக் கொடுத்து எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேளுங்கள். நம் சந்துக்கு வால்வு எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறந்தார்கள் என்று கேளுங்கள். எழுதித் தரச் சங்க அலுவலகத்தில் ஞாயிறுதோறும் ஆள் இருக்கும்.

மூன்றாவது, மத்திய அரசு நிலத்தில் இருக்கும் குடும்பங்களுக்காகச் சம்மதக் கடிதம் கேட்டு, இருப்புப்பாதைத் தொழிலாளர்களாகிய நாங்கள் எங்கள் யூனியன் வழியாக மனு கொடுக்கிறோம். மேலதிகாரிக்குப் பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும்.

நான்காவது, சங்க உறுப்பினர் எவரும் குழாயில் மோட்டார் வைக்கக்கூடாது, தண்ணீரைக் குடக்கணக்கில் விற்கக்கூடாது. இதற்கு உடன்படாதவர் சந்தாவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். உறுப்பினர் குறைந்தாலும் சங்கம் குறையாது.

கையை உயர்த்தச் சொல்லப் போவதில்லை. கூட்டத்தில் கை உயர்த்துவது எளிது. வீட்டுக்குப் போய் மோட்டாரைக் கழற்றுங்கள், அதுதான் ஓட்டு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைசி வீட்டு அம்மாவின் குழாயடிக்குப் போய்ப் பார்ப்போம். அங்கே தண்ணீர் விழுந்தால் தீர்மானம் நிறைவேறிற்று என்று நோட்டில் எழுதுவோம்.

பத்து மணி ஆகப்போகிறது. தாய்மார்கள் எழுந்திருங்கள், குடம் காத்திருக்கிறது. இன்று ஆண்கள் தூக்கட்டும்.