தியானம் சொல்லித்தரப் படிப்பது

பாடத் தெரிந்தவர்கள் எல்லாரும் பாட்டு வாத்தியார் ஆகிவிட முடியாது என்பது நமக்குத் தெரியும். தியானம் என்று வந்துவிட்டால் மட்டும் அதை மறந்துவிடுகிறோம். பல வருஷமாகக் கண்மூடி உட்கார்ந்தவர், அதனால் வகுப்பும் எடுக்கலாம் என்று முடிவுகட்டிவிடுகிறோம். மைண்ட்ஃபுல்னஸ் என்ற பெயரில் இன்று மருத்துவமனையிலும் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் புழங்குகிற மனவிழிப்புப் பயிற்சி இருக்கிறதே, அதைச் சொல்லித்தருபவர்களைத் தயார்செய்யத் தனிப் படிப்பே உண்டு. அந்தப் படிப்பு எதில் தேறுகிறது, எதில் கோட்டை விடுகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனை. 1979-இல் அங்கே ஜான் கபட்-ஸின் என்பவர் ஒரு வகுப்பைத் தொடங்கினார். அவர் மருத்துவர் அல்லர். மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியவர், கொரிய ஜென் குரு ஸுங் ஸானிடம் தியானம் பயின்றவர். நாள்பட்ட வலியோடு அலைந்து, மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று சொல்லிவிட்ட நோயாளிகள்தான் அவருடைய மாணவர்கள். மதச்சடங்கு எதுவும் கிடையாது. எட்டு வாரம், வாரம் ஒருநாள் இரண்டரை மணி நேரம், வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம், ஆறாவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் நடுவே ஒரு நாள் முழுக்க மௌனம். இந்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

முதல் வகுப்பிலேயே ஆளுக்கு ஓர் உலர் திராட்சை கொடுப்பார்கள். இதற்குமுன் இப்படியொரு பொருளைப் பார்த்ததே இல்லை என்று வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்வார்கள். உள்ளங்கையில் வைத்து, வெளிச்சத்தில் காட்டி, விரலிடுக்கில் உருட்டி, காதருகே கொண்டுபோய், முகர்ந்து, நாக்கில் வைத்துக் கொஞ்சம் பொறுத்து, ஒரே ஒரு கடி. கேட்பதற்கு விளையாட்டாக இருக்கும். ஆனால் ஆசிரியராகப் படிக்கிறவரை இதை நடத்தச் சொல்லிப் பாருங்கள், குறைகள் எல்லாம் வரிசைகட்டி வந்துவிடும்.

அந்தப் படிப்பில் மூன்று நான்கு பேரைச் சின்னக் குழுவாக உட்காரவைக்கிறார்கள். ஒருவர் பத்து நிமிடம் பயிற்சியை நடத்துவார். மற்றவர்கள் அதை நிஜமாகவே செய்து பார்த்துவிட்டு, தங்களுக்குள் என்ன நடந்தது என்று சொல்வார்கள். முதலில் மாட்டிக்கொள்வது குரல்தான். பத்து நிமிடத்துக்கு முன்னால் டீக்கடையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த மனிதர், கண்களை மூடச் சொன்னதும் தேன் தடவிய குரலுக்குத் தாவிவிடுவார். அடுத்தது, "இப்போது உங்கள் மனம் அமைதி அடைகிறது" என்ற வசனம். அடைகிறது என்று இவருக்கு யார் சொன்னார்கள்? முழங்கால் எரிந்துகொண்டிருக்கிற நோயாளி அதைக் கேட்டால், தான் ஏதோ தப்பாகச் செய்கிறோம் என்றுதான் நினைப்பார். அதனால்தான் நல்ல பயிற்சி ஆசிரியர்கள் வர்ணனையை வெட்டச் சொல்கிறார்கள். என்ன தெரிகிறதோ அதைக் கவனியுங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் அதையும் கவனியுங்கள் என்று சொல்லி நிறுத்திவிடலாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. படுத்தபடி உடம்பு முழுவதையும் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சி இடது கால் விரல்களில் ஆரம்பிக்கும். ஆசிரியர் அதைச் சொல்லும்போது தன் இடது கால் விரல்களையும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். வாய் ஒரு பக்கம் ஒப்பிக்க, மனம் அடுத்து வரும் முழங்காலைத் தேடிக்கொண்டிருந்தால், கேட்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும். இடைவெளி குறையும், வேகம் கூடும். பழக்கம் இல்லாதவர் முக்கால் மணி நேரப் பயிற்சியை அரை மணியில் முடித்துவிட்டு மிச்ச நேரத்தை என்ன செய்வது என்று முழிப்பார்.

இதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். வராமல் அடம்பிடிப்பது வேறொன்று. பயிற்சி முடிந்து கண் திறந்ததும், என்ன கவனித்தீர்கள் என்று ஆசிரியர் கேட்க வேண்டும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிட உரையாடல்தான் இந்தக் கலையின் உயிர்நாடி என்பது என் கணிப்பு. ஓர் அம்மாள் சொல்கிறார் என்று வையுங்கள்: "எனக்குத் தூக்கம்தாங்க வந்தது." புதிய ஆசிரியர் உடனே, "பரவாயில்லைம்மா, அடுத்த தடவை உட்கார்ந்து செய்யுங்க" என்பார். அன்பான பதில்தான். ஆனால் கதவு அங்கேயே சாத்தப்பட்டுவிட்டது. தேர்ந்தவர், "தூக்கம் வருதுன்னு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்பார். "கண் கனத்தது. அப்புறம், இதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியலையேன்னு ஒரு எரிச்சல்." "எரிச்சல் உடம்புல எங்கேயாவது தெரிஞ்சதா?" அம்மாள் யோசிக்கிறார். "தாடையில. இப்பக்கூட இருக்கு." இரண்டு கேள்வியில் தூக்கத்திலிருந்து எரிச்சலுக்கும், எரிச்சலிலிருந்து தாடைக்கும் அவரே வந்துவிட்டார். ஆசிரியர் எதையும் சரிசெய்யவில்லை. நம் ஊரில் ஆலோசனை சொல்லாமல் ஒருவர் பேச்சைக் கேட்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

படித்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் அதிகம். 1990-களின் தொடக்கத்தில் மூன்று உளவியலாளர்கள், ஜிண்டெல் சேகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகியோர், மனச்சோர்வு நோய் குணமானவர்களுக்கு அது மறுபடி வராமல் தடுக்க வழி தேடி வூஸ்டருக்குப் போனார்கள். சொல்லித்தருகிறவர் தானும் தினமும் பயிற்சி செய்ய வேண்டும் என்று அங்கே சொன்னபோது இவர்களுக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. சிகிச்சை நிபுணர்கள் அல்லவா, உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். தங்கள் வகுப்பில் யாராவது பெரிய துக்கத்தைக் கொட்டியதும், பழக்க தோஷத்தில் அதைத் தீர்த்துவைக்கக் கிளம்பிவிட்டார்கள். மறுபடி வூஸ்டர் போய் அங்கிருந்த ஆசிரியர்கள் துக்கத்தோடு எப்படி உட்காருகிறார்கள் என்று பார்த்த பிறகுதான், தாங்களும் தியானத்தில் அமர ஆரம்பித்தார்கள். இந்தக் கதையைத் தங்கள் புத்தகத்தில் அவர்களே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்கள். 2000-இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வு கண்டவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 66 சதவீதம் நோய் திரும்பியது; அதோடு இவர்கள் அமைத்த எட்டு வார வகுப்பிலும் போதிய அளவு கலந்துகொண்டவர்களுக்கு 37 சதவீதம்.

அதன்பின் பிரிட்டனில் படிப்பு சீராக வளர்ந்தது. பேங்கர், எக்ஸெட்டர், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் சேர்ந்து ஆசிரியரின் திறமையை மதிப்பிட ஓர் அளவுகோல் வைத்தார்கள். ஆறு துறைகள், ஒவ்வொன்றிலும் ஆறு படிகள். எட்டு வார வகுப்பின் வீடியோவைப் போட்டுப் பார்த்து மதிப்பெண் கொடுப்பார்கள். பாடத்தை நேரத்துக்கு நடத்துவது, குழுவைக் கட்டிக்காப்பது போன்றவற்றுக்கு மதிப்பெண் கொடுப்பதில் சிக்கல் இல்லை. ஆசிரியரிடமே விழிப்பு குடியிருக்கிறதா என்பதும் அந்த ஆறில் ஒன்று! அதற்கு எப்படி ஆறில் நான்கு போடுவது என்று எனக்குச் சிரிப்பு வந்ததுண்டு. ஆனாலும் மதிப்பிடாமல் விடுவதைவிட இது மேல்.

இதற்கு நேர் எதிரான வழி நம் நாட்டிலேயே இருக்கிறது. மாண்டலேயில் பிறந்த எஸ்.என். கோயங்கா, பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்த ஊ பா கின்னிடம் விபஸ்ஸனா தியானம் கற்று, 1969-இல் இந்தியா வந்தார். மாணவர் கூட்டம் பெருகவே 1980-களில் துணை ஆசிரியர்களை நியமித்தார். அவர்கள் பாடம் சொல்வதில்லை. முன்னால் அமர்ந்து ஒலிப்பதிவைப் போடுவார்கள். அறிவுரை முழுக்கக் கோயங்காவின் பதிவுதான். சந்தேகம் கேட்டு வருகிறவர்களுக்குத் தனியாகப் பதில் சொல்வார்கள். சம்பளம் கிடையாது. கோயங்கா 2013-இல் காலமானார். சென்னையை அடுத்த திருமுடிவாக்கம் மையத்தில் இன்றும் அதே முறைதான்.

ஆசிரியரின் சொந்த அகந்தை பாடத்துக்குள் நுழையாமல் காப்பதற்கு இதைவிடக் கெட்டியான பூட்டு கிடையாது. தேன் தடவிய குரல் பிரச்சினையும் இல்லை. ஆனால் நான்காவது வரிசையில் ஒருவர் அழ ஆரம்பித்தால் ஒலிநாடாவுக்குத் தெரியாது. நோயோடு வருகிறவர்களுக்கு, எதிரில் உட்கார்ந்து முகம் பார்த்துப் பேசுகிற ஆசிரியர் வேண்டும் என்பேன். அந்த ஆசிரியர் அரைகுறையாக இருந்தால் பழுதும் பெரிது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தியானத்தில் எல்லாருக்கும் நிம்மதி கிடைத்துவிடுவதில்லை. சிலருக்குப் பயம், தூக்கமின்மை, மரத்துப்போன உணர்வு, பழைய காயங்கள் கிளம்புவது என்று வருவதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் லிண்டால், பிரிட்டன் என்ற ஆய்வாளர்கள் 2017-இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள். கண்ணைத் திறங்கள், பாதத்தைத் தரையில் ஊன்றுங்கள், இன்றைக்கு இது போதும் என்று நிறுத்தச் சொல்லும் தைரியம் ஆசிரியருக்கு வேண்டும். சேரும் முன்னால் தனியாகப் பேசி, இந்த நேரத்தில் இது உங்களுக்கு ஒத்துவராது என்று சிலரைத் திருப்பி அனுப்பவும் தெரிய வேண்டும். இரண்டு நாள் சான்றிதழ் வகுப்புகளில் இதைக் கற்றுத்தர நேரம் ஏது?

அவசரத்தின் விலை பிரிட்டன் பள்ளிகளில் தெரிந்தது. ஓர் ஆய்வில் 85 பள்ளிகள், 8,000-க்கு மேற்பட்ட மாணவர்கள். பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து வகுப்பெடுக்க வைத்தார்கள். 2022-இல் முடிவு வந்தபோது வழக்கமான பாடத்தைவிட இது மாணவர்களின் மனநலத்துக்குக் கூடுதலாக உதவவில்லை என்று தெரிந்தது. பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. குறை முழுவதையும் ஆசிரியர் தலையில் கட்டுவது நியாயமில்லைதான். ஆனாலும் கணக்கு வாத்தியாரைக் குறுகிய காலத்தில் தியான வாத்தியார் ஆக்கிவிடலாம் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு குட்டு.

மைண்ட்ஃபுல்னஸ் ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம், தடுக்கச் சட்டமில்லை. பிரிட்டனில் ஆசிரியர்களுக்கான நெறிமுறை, ஓராண்டுக்குக் குறையாத பயிற்சியையும், ஆண்டுதோறும் தங்கியிருந்து செய்யும் மௌன முகாமையும், ஆசிரியரான பின்னும் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையையும் கேட்கிறது. நீங்கள் ஒரு வகுப்பில் சேரப்போனால், உங்கள் மேற்பார்வையாளர் யார் என்று ஆசிரியரைக் கேளுங்கள். கேட்டால் தப்பில்லை.

நீண்ட படிப்புக்குப் பணமும் விடுப்பும் வேண்டும். அதனாலேயே மேலை நாடுகளில் இந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் வசதிபடைத்த வெள்ளையர்கள் என்ற குறை அந்தத் துறைக்குள்ளேயே பேசப்படுகிறது. இங்கிலாந்தில் பொதுச் சுகாதாரத் துறை தன் சிகிச்சையாளர்கள் பலருக்குத் தன் செலவிலேயே பயிற்சி கொடுத்திருக்கிறது. நம் மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்கிற உளவியலாளர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அவர்களில் விருப்பமுள்ள சிலரைச் சம்பளத்தோடு ஓராண்டு இதைப் படிக்க அனுப்பினால், அரசு மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கும் முறையான ஆசிரியர் கிடைப்பார். அந்தப் படிப்பு தமிழில் நடக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.